நாக்கின் நடுக்கோடு

ஜூலை 9, செவ்வாய்

காலையில் கேஸ் சிலிண்டர் வந்தது. பரிசோதனை முடிவும் இன்றுதான் வந்தது. சிலிண்டரை மாற்றி, சோப்பு நுரை தடவி, கசிவு இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே உறையைப் பிரித்தேன். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யக் கூடாது என்று பட்டது.

நாக்கின் வலது ஓரத்தில் கிள்ளி எடுத்த சதையில் புற்று இருக்கிறது.

தாளை மூன்றாக மடித்து உறைக்குள்ளேயே வைத்தேன். பிறகு எடுத்து இன்னொரு முறை வாசித்தேன். பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. அனவரதம், வயது 74. சரியாகத்தான் இருந்தது.

வலது கடைவாயில் ஒரு பல் உடைந்து கூராக நின்றது. அது உரசியதால் வந்த புண் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். பல் டாக்டரிடம் எப்போதும் கூட்டம். இந்தச் சின்னப் புண்ணுக்காக அவரைத் தொந்தரவு செய்வானேன் என்று இருந்துவிட்டேன்.

மகள் பிரமுவிடம் சொல்ல வேண்டும். ஆனால் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியுமாம். முழு விவரமும் கையில் வந்த பிறகு சொல்வதே முறை. அரைகுறைத் தகவல் பயத்தைத்தான் தரும்.

ஜூலை 10, புதன்

கஞ்சி. துவையலில் மிளகாய் சேர்க்காமல் பார்த்தேன். அதற்கு மண்ணையே தின்றிருக்கலாம்.

ஜூலை 12, வெள்ளி

அறுவை சிகிச்சை டாக்டரைப் பார்த்தேன். பெயர் ஹெலன். ஐம்பது வயது இருக்கலாம். கையுறை போட்ட விரலால் நாக்கை ஒரு பக்கமாகப் பிடித்து அழுத்தி அழுத்திப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். அது எனக்குப் பிடித்திருந்தது.

கைக்குச் சின்னதாகத்தான் படுகிறது, ஆனால் மேலே தெரிவதைவிட உள்ளே எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதே முக்கியம் என்றார். மருந்துச் சீட்டின் பின்புறம் ஒரு நாக்கை வரைந்தார். மாவிலை போல இருந்தது. நடுவில் நரம்பு மாதிரி ஒரு கோடு.

"இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்னுருந்தா, ஒரு துண்டு எடுத்துட்டு தச்சுருவேன் சார். பேச்சு கொஞ்சம் குழறும், பழகிரும். கோட்டைத் தாண்டியிருந்தா முக்காவாசி நாக்கை எடுக்கணும். தொடையில இருந்து சதை எடுத்து அங்க வைப்போம். முழுங்கப் பழகிக்கலாம்."

"பேச்சு?" என்று கேட்டேன்.

"மொதல்ல படம் எடுத்துப் பாப்போம்" என்றார்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும் வரிசை வரச் சில நாள் ஆகும். எழுந்தபோது, "கூட யாரு வந்திருக்கா?" என்று கேட்டார். வெளியே நிற்கிறார்கள் என்றேன். வெளியே இளநீர் வண்டி ஒன்றுதான் நின்றது.

காத்திருக்கும் இடத்தில் தாடைக்குக் கட்டுப் போட்ட ஒருவர், "நீங்க எந்தப் பாக்கு?" என்று விசாரித்தார். எனக்கு எந்தப் பழக்கமும் இல்லை. அப்படிச் சொன்னால் அவரைக் குற்றம் சொல்வதுபோல ஆகிவிடுமோ என்று தயங்கி, வெற்றிலை மட்டும் என்று சொல்லிவிட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அத விட்டுருங்க அண்ணாச்சி, இன்னையோட விட்டுருங்க" என்றார். விட்டுவிடுகிறேன் என்று உறுதியளித்தேன்.

ஜூலை 14, ஞாயிறு

பிரமு நாக்பூரிலிருந்து பேசினாள். ஞாயிற்றுக்கிழமை, காலைப் பலகாரத்துக்குப் பிறகு. அதுதான் அவளுக்கு வசதியான நேரம்.

புண் பல்லில் இடிக்கும் சொற்கள் சில உண்டு. அவற்றை நேற்றே கண்டறிந்து ஒதுக்கிவைத்திருந்தேன். 'மழையே இல்லை' என்பதற்குப் பதில் 'வெயில்தான்' என்றேன். 'பரவாயில்லை' வேண்டாம்; 'ம்' போதும். அவள் எதையும் கவனிக்கவில்லை. எப்போதும் நான் பேசுவது அவ்வளவுதான் என்பதால் வேறுபாடு தெரிந்திருக்காது.

"சாப்ட்டாச்சாப்பா?"

"ஆச்சு."

"மோட்டார் சரி பண்ணியாச்சா?"

"ஆச்சு."

குக்கர் விசில் அடித்தது, வைத்துவிட்டாள்.

என் மனைவி உலகம்மை படுத்த படுக்கையாக இருந்தபோது பிரமு வந்து கடைசிவரை இருந்தாள். அதனால் அப்போது பார்த்த வேலை போயிற்று. இன்னொரு வேலை கிடைக்க வெகுநாள் அலைந்தாள். அதை ஒருநாளும் அவள் சொல்லிக்காட்டியதில்லை. இப்போது ஒரு நல்ல இடத்தில் இருக்கிறாள்.

ஸ்கேனுக்குப் பிறகு சொல்லலாம். எப்படிச் சொல்வது என்று மனத்துக்குள் தயாரித்துவருகிறேன். 'பிரமு, பயப்படும்படி ஒன்றும் இல்லை' என்று தொடங்கலாமா? அப்படித் தொடங்கினாலே பயந்துவிடுவாள் என்றும் தோன்றுகிறது.

ஜூலை 16, செவ்வாய்

ஸ்கேன் முடிந்தது. விவரமாக எழுதிவைக்கிறேன்.

ஸ்கேன் எடுப்பவர் முப்பிடாதி என்ற பெண். முப்பது வயது இருக்கும். நல்ல கட்டைக் குரல். கடிகாரம், மோதிரம், மூக்குக் கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். "அரைஞாண் வெள்ளியா, கயிறா தாத்தா?" என்று அத்தனை பேர் முன்னிலையில் கேட்டார். கயிறு என்பதைச் சைகையால் தெரிவித்தேன். கூட யாரு என்றார். வெளியே நிற்கிறார்கள் என்றேன்.

காந்தப் புலத்தில் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் பம்பரம்போல் தலையாட்டுவதைப் பற்றி முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் நடத்தியிருக்கிறேன். பின் பெஞ்சுக்குக் கேட்கவில்லை சார் என்று ஒவ்வோர் ஆண்டும் சொல்வார்கள். இன்று அந்தப் பம்பரங்கள் என் நாக்கில் இருந்தன. நான் நடத்திய பாடத்தில் மனிதர் யாரும் கிடையாது. படுத்திருந்தபோதுதான் அது உறைத்தது.

முகத்துக்கு மேல் ஒரு கூண்டை மாட்டினார்கள். அதில் சின்னக் கண்ணாடி ஒன்று. அதன் வழியே என் கால்களும் அவற்றுக்கு அப்பால் முப்பிடாதி உட்கார்ந்திருக்கும் அறையின் சன்னலும் தெரிந்தன. கையில் ஒரு ரப்பர்க் குமிழ் கொடுத்து, முடியவில்லை என்றால் அழுத்துங்கள் என்றார். தவறுதலாக அழுத்தி அவரைத் தொந்தரவு செய்துவிடக் கூடாதே என்று அதை விரல் நுனியால் மட்டும் பிடித்திருந்தேன்.

ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் அவர் குரல் ஒலிபெருக்கியில் வரும். "நல்லா இருக்கியளா தாத்தா? அடுத்தது ஆரம்பிக்கப் போறேன். முழுங்கக் கூடாது, அசையக் கூடாது." நல்லா இருக்கேன் அம்மா என்பேன். அடுத்த முறையும் கேட்டார். ஊசி மருந்து ஏற்றிய பிறகும் கேட்டார். எல்லாரிடமும் அப்படித்தான் கேட்பார் என்று தெரியும். இருந்தாலும் ஒரு கேள்விக்கு ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்வது சரியில்லை என்று, பிறகு கொஞ்சம் விரிவாகச் சொல்லத் தொடங்கினேன். நான் மெதுவாகப் பேசுபவன். சொல்லி முடிப்பதற்குள் இயந்திரம் சம்மட்டியால் அடிப்பதுபோலத் தொடங்கிவிட்டது. தொடங்கிய பதிலைப் பாதியில் விடுவது மரியாதையில்லை அல்லவா?

அந்தச் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது. எனக்கே கேட்கவில்லை.

முடிந்து வந்தபோது முப்பிடாதி, கடைசிப் படங்கள் கொஞ்சம் ஆடின மாதிரி இருக்கிறது, எச்சில் முழுங்கினீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அது உண்மை. முழுங்கவில்லை.

தொண்டை வறண்டிருந்தது. நெஞ்சு மட்டும் ஏனோ லேசாக இருந்தது. ஊசி மருந்தின் விளைவாக இருக்கலாம். நடந்தே வீடு வந்தேன்.

ஜூலை 17, புதன்

காற்று அதிகம். மேற்கே மலைப்பக்கம் கருத்திருக்கிறது, இங்கே ஒரு சொட்டு இல்லை. கொடியிலிருந்து துண்டு பறந்து பக்கத்து மாடிக்குப் போய்விட்டது. கேட்கப் போகவில்லை.

ஜூலை 19, வெள்ளி

ரிப்போர்ட் வந்தது. கோட்டைத் தாண்டியிருக்கக்கூடும் என்று எழுதியிருக்கிறார்கள்.

டாக்டர் ஹெலன் கணினியில் படத்தைக் காட்டினார். சாம்பல் நிறத்தில் என் வாயை நானே குறுக்காகப் பார்த்தேன். வலப்பக்கம் வெளிறிய ஒரு திட்டு. அதன் விளிம்பு ஒரே இடத்தில் நிற்கவில்லை. குளத்தில் கல் விழுந்தால் அலை ஒன்றன் பின் ஒன்றாக விரிவதுபோல, அதே விளிம்பு தள்ளித் தள்ளி இடப்பக்கம்வரை தெரிந்தது.

அசையும் பொருளை இந்த முறையில் படம் எடுத்தால் விளிம்பு இப்படித்தான் திரும்பத் திரும்ப விழும். வகுப்பில் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன். ஆனால் நான் மருத்துவன் அல்ல. என் பாடமும் மிகப் பழையது. நான் நினைப்பது தவறாகவும் இருக்கலாம்.

டாக்டர் வெகுநேரம் பார்த்தார். அவருக்கும் திருப்தி இல்லை.

"என் கைக்கு இவ்வளவு பெருசாப் படல சார். ஸ்கேன்ல அசைஞ்சியளா? பேசினியளா, இருமினியளா?"

இல்லை என்றேன்.

"நிச்சயமா?"

"இல்லை டாக்டர்."

அப்படியென்றால் திரும்ப எடுத்தாலும் இதேதான் வரும் என்றார். தாண்டியிருக்கும்போது குறைவாக எடுத்துவிட்டால் மிச்சம் வளரும், அந்த ஆபத்தில் இறங்க முடியாது என்றார். முக்கால்வாசி நாக்கை எடுப்பதாக முடிவாயிற்று. ஆகஸ்ட் இரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை. அதற்கு முன் பேச்சுப் பயிற்சி கொடுப்பவரைப் பார்க்க வேண்டும். சேரும் அன்று கூடத் தங்குவதற்கு ஓர் ஆள் கட்டாயம் வேண்டும்.

படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். பொதுவாகப் பிடிப்பதில்லை.

ஜூலை 20, சனி

ஸ்டேஷனரிக் கடையில் குழந்தைகள் எழுதிப் பார்க்கும் மின்பலகை ஒன்று வாங்கினேன். கம்பியால் எழுதினால் பச்சையாகத் தெரியும். பேரனுக்கா என்று கடைக்காரர் கேட்டார், ஆமாம் என்றேன். எனக்குப் பேரன் இல்லை.

வீட்டில் எழுதிப் பழகினேன். 'பால் அரை லிட்டர் போதும்.' 'மோட்டார் போட்டாச்சு.' 'ம்.' ஓரத்தில் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் எழுதியது எல்லாம் ஒரே நொடியில் அழிந்துவிடுகிறது. ஒரு வரியை மட்டும் அழிக்க வழியில்லை. இதை வடிவமைத்தவர் யோசித்திருக்கலாம்.

ஜூலை 21, ஞாயிறு

பிரமு சந்தையிலிருந்து பேசினாள். ஆரஞ்சு வாங்கிக்கொண்டிருந்தாள். பின்னால் ஒரே கூச்சல்.

'பிரமு' என்று தொடங்கினேன். என்னப்பா, சரியாக் கேக்கல, சத்தமாச் சொல்லுங்க என்றாள். சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

ஆபரேஷன் முடிந்த பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகுதான், அப்போது சொல்ல முடியாது என்பது நினைவுக்கு வந்தது.

ஜூலை 22, திங்கள்

பால்காரர் சுடலைமுத்து, என்ன சார் வாய் ஒரு பக்கமாப் போகுது என்றார். பல்வலி என்றேன். கிராம்பு வைக்கச் சொன்னார். வைத்தேன். எரிந்தது.

ஜூலை 23, செவ்வாய்

இன்று நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வரிசையாகவே எழுதுகிறேன்.

பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் பெயர் ஷைனி. சின்ன அறை, மேசையில் ஓர் ஒலிப்பதிவுக் கருவி. ஆபரேஷனுக்கு முந்தைய குரலைப் பதிந்து வைத்துக்கொள்வார்களாம். பிறகு ஒப்பிட்டுப் பார்க்க உதவும். ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னார். ஒரு காகம், ஒரு குடம், ஆற்றங்கரை என்று ஏதோ இருந்தது. வாசித்தேன். இன்னும் கொஞ்சம் சத்தமா சார் என்றார். பின் பெஞ்சு நினைவு வந்தது.

பிறகு சில கேள்விகள். ஆபரேஷனுக்குப் பின் எந்தச் சொற்களை முதலில் பழக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளக் கேட்பாராம். வீட்டில் யார் யாரிடம் பேசுவீர்கள் என்றார்.

யோசித்தேன். தவறான தகவல் கொடுக்கக் கூடாது அல்லவா? "பால்காரர்" என்றேன். அவர் எழுதிக்கொண்டு, அப்புறம் என்பதுபோலப் பார்த்தார். "ஞாயிற்றுக்கிழமை என் மகள்." அப்புறம்? ரேஷன் கடையில் கேட்டால் பதில் சொல்வேன் என்றேன்.

அவர் பேனாவை வைத்துவிட்டார். வருத்தப்படும்படி ஏதாவது சொல்லிவிட்டேனோ என்று எனக்குச் சங்கடமாக இருந்தது.

"சரி சார், இப்படிக் கேக்கேன். கடைசியா எப்ப நீங்க கொஞ்சம் நீளமாப் பேசினிய? ஒரு அஞ்சு பத்து நிமிஷம், மனசுவிட்டு?"

மாதக் கணக்கில் பின்னோக்கிப் போய்ப் பார்த்தேன். எதுவும் வரவில்லை. பிறகு நினைவு வந்தது. சரியான விடை கிடைத்த மகிழ்ச்சியில் உடனே சொல்லிவிட்டேன்.

"போன செவ்வாய். ஸ்கேன்ல."

"ஸ்கேன் எடுக்கப் போகும்போதா?"

"இல்ல. உள்ள. எடுக்கும்போது."

ஷைனி என்னைப் பார்த்தார். நானும் அப்போதுதான் நான் சொன்னதைக் கேட்டேன்.

"சார், அங்க பேசக் கூடாதே" என்றார், மிக மெதுவாக.

அதை இங்கேயும் முழுதாக எழுதிவிடுகிறேன். முப்பிடாதிக்குப் பதில் சொல்லி முடித்த பிறகும் நான் நிறுத்தவில்லை. சத்தம் அடித்துக்கொண்டிருந்தது. யாருக்கும் கேட்காது. பிரமுவிடம் சொல்வதற்காகத் தயாரித்து வைத்திருந்ததை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன். ஒரு படம் முடிந்து சத்தம் நின்றால் நானும் நிறுத்துவேன். நல்லா இருக்கியளா என்று கேட்பார், இருக்கேன் அம்மா என்பேன். சத்தம் தொடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வேன். என் குரலை நான் அவ்வளவு உயர்த்தியதே இல்லை. கத்தினேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஷைனி தொலைபேசியை எடுத்து டாக்டர் ஹெலனைக் கூப்பிட்டார். நான் வேண்டாம் என்று கையசைத்தேன். அவர் பார்க்காததுபோல இருந்துவிட்டார்.

ஜூலை 24, புதன்

டாக்டர் ஹெலன் திட்டுவார் என்று நினைத்துப் போனேன். அவர் களைத்துப்போய் இருந்தார்.

"நான் கேட்டேன்லா சார்?"

"கேட்டீங்க."

"பின்ன ஏன் இல்லன்னிய?"

"யார்கிட்டப் பேசினேன்னு அடுத்துக் கேப்பீங்கன்னு... கூச்சமா இருந்துச்சு."

"நாக்கு போறதைவிட கூச்சம் பெருசா?"

நேர்மையாகச் சொன்னால், அன்றைக்கு அதுதான் பெரியதாக இருந்தது.

சனிக்கிழமை மறுபடி ஸ்கேன். தெளிவாக வந்தாலும் அதுவே உண்மையாக இருந்துவிடலாம், கோட்டைத் தாண்டியே இருக்கலாம், நம்பிக்கையை ஏற்றிக்கொள்ள வேண்டாம் என்றார். எழுந்தபோது வழக்கம்போல, கூட யாரு என்றார். வெளியே நிற்கிறார்கள் என்று சொல்ல வாய் எடுத்தேன். அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"வெளிய யாரும் நிக்கல சார். அன்னைக்கே சன்னல் வழியாப் பாத்தேன். நீங்க தனியாத்தான் ரோட்டைக் கடந்து போனிய. சனிக்கிழமை யாரையாவது கூட்டிட்டு வாங்க. இல்லன்னா நான் ஆபரேஷன் பண்ண மாட்டேன்."

வீட்டுக்கு வந்து குளித்தேன். சட்டை மாற்றினேன். பிறகு பிரமுவைக் கூப்பிட்டேன்.

அவள் எடுத்த உடனே, "என்னப்பா, புதன்கிழமை கூப்பிடுதிய?" என்றாள். குரல் மாறிவிட்டது. நான் இன்னும் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

"பிரமு, உட்கார்ந்துக்கோ" என்றேன். தயாரித்ததில் இது இல்லை. இடிக்கும் சொற்களையும் ஒதுக்கவில்லை. குழறிக் குழறித்தான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். பல், உறை, நடுக்கோடு, வெளியே நிற்கிறார்கள் என்று சொன்னது, பலகை. நடுவில் நிறுத்தி, இருக்கிறாயா என்று கேட்டேன். இருக்கேன்ப்பா, சொல்லுங்க என்றாள். அவள் அலுவலகத்தில் யாரோ ஏதோ இந்தியில் கேட்டார்கள். அவள் பதில் சொல்லவில்லை.

வேலைக்கு ஒன்றும் ஆகிவிடாதே என்று கேட்டேன். வைத்துவிட்டாள்.

ஜூலை 26, வெள்ளி

பிரமு வந்துவிட்டாள். பெட்டியைக் கூடத்தில் வைத்துவிட்டு நேரே சமையலறைக்குப் போனாள். மாவு டப்பாவைத் திறந்து பார்த்தாள், மூடினாள். குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தாள், மூடினாள். மின்பலகையை மேசையில் கண்டாள். அதில் 'ம்' என்று எழுதியிருந்தது. எத்தனையோ முறை அழித்தும் பழக்கத்தில் அதையே எழுதிவிடுகிறேன்.

"இத வாங்கத் தெரிஞ்சுச்சு, ஒரு போன் பண்ணத் தெரியல" என்றாள். அதற்குப் பிறகு சாயங்காலம்வரை பேசவில்லை. பாத்திரங்களைத்தான் சத்தமாக வைத்தாள்.

பக்கத்து வீட்டுக்குப் போய்த் துண்டை வாங்கி வந்தாள்.

ஜூலை 27, சனி

முப்பிடாதி வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "தாத்தா, அன்னைக்கு உள்ள கச்சேரியே நடந்திருக்காமே. இன்னைக்கு நான் என்ன கேட்டாலும் வாயத் திறக்கக் கூடாது. நல்லா இருந்தா கட்டை விரல ஆட்டுங்க. அதுவும் சத்தம் இல்லாதப்ப மட்டும்." சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பிரமு சிரிக்கவில்லை.

கூட யாரு என்று அவர் கேட்கவில்லை. நேரே பிரமுவைப் பார்த்து, வளையல், கம்மல் எல்லாம் கழட்டிட்டு நீங்களும் உள்ள வாங்கக்கா, கால்பக்கம் நாற்காலி போடுதேன் என்றார். அப்படி உட்கார அனுமதி உண்டு என்பது எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் முதல் தடவையே சொல்லியிருப்பார்கள். யாரை உட்கார வைத்திருப்பேன் என்பது வேறு.

கூண்டை மாட்டினார்கள். கண்ணாடியில் என் பாதங்கள் தெரிந்தன. அவற்றுக்கு அப்பால் பிரமுவின் முகம். இரண்டு காதிலும் பஞ்சு. அவள் அம்மாவுக்கு இருந்த அதே முகவாய். அவளுக்குக் கண்ணாடியில் நான் தெரிவேனா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒளி போன வழியே திரும்பி வரும். தெரியும். என் கண்கள் மட்டும் தெரியும்.

சத்தம் தொடங்கியது. அவள் என் இடது கால் பெருவிரலைப் பிடித்துக்கொண்டாள்.

இந்த முறை சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் மீதம் இல்லை. நாக்கு வாய்க்குள் தன்பாட்டில் கிடந்தது. ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே முப்பிடாதி நல்லா இருக்கியளா என்று கேட்டார். கட்டை விரலை ஆட்டினேன். பிரமு கண்ணைத் துடைத்தாள். விரலை விடவில்லை.

நான் அசையவில்லை. இதை நிச்சயமாகச் சொல்ல முடியும்.

வரும் வழியில் ஆட்டோவில், அன்றைக்கு உள்ளே என்னதான் பேசினீர்கள் என்று கேட்டாள்.

"புதன்கிழமை உன்கிட்ட சொன்னேன்லா. அதேதான்."

"என்கிட்டயா பேசினிய?"

ஆமாம் என்றேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டுப் பாட்டைக் குறைத்தார்.

ஜூலை 30, செவ்வாய்

ரிப்போர்ட்.

டாக்டர் ஹெலன் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். புதியதில் அலைகள் இல்லை. திட்டுக்கு ஒரே ஒரு விளிம்புதான். அது நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது. ஆழமும் அவர் விரல் சொன்ன அளவுதான்.

கழுத்தில் ஒரு முடிச்சு சந்தேகப்படும்படி இருக்கிறது. அதையும் சேர்த்து எடுப்பார். பிறகு கதிர்வீச்சு தேவைப்படலாம். வலப்பக்க நாக்கில் நல்ல ஒரு துண்டு போகும். பேச்சு குழறும், ஆனால் இருக்கும்.

"எங்கப்பா ஏற்கெனவே அப்படித்தான் பேசுவாங்க டாக்டர்" என்றாள் பிரமு. டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். இவள் இப்படிப் பேசுவாள் என்று எனக்குத் தெரியாது. அல்லது மறந்திருக்கலாம்.

கூடத் தங்கும் ஆள் என்ற இடத்தில் பிரமநாயகி என்று கையெழுத்துப் போட்டாள். அவள் அலுவலகத்தில் என்ன சொன்னார்கள் என்று நான் இரண்டு முறை கேட்டும் பதில் சொல்லவில்லை. அதை எப்படியும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இதற்கு எழுத்துப் பலகை போதாது.

ஜூலை 31, புதன்

நாளை மருத்துவமனையில் சேர வேண்டும். இன்றைக்கு உரியதை எழுத உட்காரவே இல்லை. காலையிலிருந்து பேசிக்கொண்டிருந்தோம்.